ஜெர்ரி ரைஸ்: வேகம் போதாது என்று சொல்லப்பட்டவர் 20 பருவங்கள் ஆடியது எப்படி?

தென்றல்87

எல்லோருக்கும் வணக்கம். நான் அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. விதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன, இப்போது பழைய வீரர்களின் கணக்குகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வைட் ரிசீவர், அதாவது வீசிய பந்தை ஓடிப் பிடிப்பவர்களின் பட்டியலுக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். முதலிடம் ஜெர்ரி ரைஸ், 22,895 யார்டு. இரண்டாமிடம் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு, 17,492 யார்டு. நடுவில் 5,403 யார்டு இடைவெளி!

ஒரு பருவத்தில் 1,000 யார்டு எடுத்தாலே நல்ல ரிசீவர் என்கிறார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டு 17 பருவங்கள் ஆடியவர். அதற்கு மேலும் ஐந்து நல்ல பருவங்கள் ஆடியிருந்தால்கூட ரைஸை எட்டியிருக்க மாட்டார்.

இதே ரைஸைத்தான் 1985 டிராஃப்டின்போது (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) "வேகம் போதாது" என்று பல அணிகள் தயங்கினவாம். 40 யார்டு ஓட்டத்துக்கு 4.6, 4.7 வினாடி என்று போட்டிருக்கிறது. வேகமில்லாத ரிசீவர் இருபது பருவம் எப்படித் தாக்குப்பிடித்தார்? அந்தக் காலத்திலேயே பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழையநைனர்

நான் பார்த்திருக்கிறேன் அம்மா. வேலைக்காக சான் பிரான்சிஸ்கோ பக்கம் வந்து சேர்ந்தபோது அவருக்கு அது இரண்டாவது பருவம். அன்றிலிருந்து அவருடைய அணியான சான் பிரான்சிஸ்கோ 49ers, அதாவது நைனர்ஸ் ஆட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்துவிடுவோம், பாதி விடை அங்கேயே இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தில் கிராஃபோர்டு என்ற சின்ன ஊர். பெரிய கல்லூரிகள் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. இட்டா பீனாவில் உள்ள மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய பல்கலைக்கழகத்துக்குப் போனார். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்வி நிலையம் அது. பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் வில்லி டாட்டன். எல்லோரும் பந்தைச் சுமந்து ஓடுவதையே நம்பியிருந்த காலத்தில் கூலி ஓயாமல் வீசச் சொன்னார். 1984 பருவத்தில் மட்டும் ரைஸ் 27 டச் டவுன் பாஸ்களை (எதிரணியின் எல்லைக்குள் போய்ப் புள்ளி தரும் வீச்சுகளை) பிடித்தார். இன்று அந்தப் பல்கலைக்கழக மைதானத்தின் பெயரே ரைஸ் டாட்டன் ஸ்டேடியம்.

அந்தப் பருவத்தின் நடுவில் நைனர்ஸ் அணி ஹியூஸ்டனில் ஆடப் போயிருந்தது. முந்தின இரவு பயிற்சியாளர் பில் வால்ஷ் ஹோட்டல் அறையில் டிவி போட்டிருக்கிறார். கல்லூரி ஆட்டங்களின் துணுக்குகளில் இந்தப் பையன் பந்து பிடிப்பதைப் பார்த்தார். அங்கேயே மனசுக்குள் முடிவு செய்துவிட்டார் என்று சொல்வார்கள். ஆனால் 1985 ஜனவரியில் சூப்பர் பவுலை, அதாவது லீக்கின் இறுதிப்போட்டியை வென்ற அணிக்கு டிராஃப்டில் கடைசி இடம்தானே, 28ஆவது. வால்ஷ் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுடன் பேசி, இடங்களை மாற்றி, 16ஆவது இடத்துக்கு ஏறி ரைஸை எடுத்தார். அவருக்கு முன்னாலேயே இரண்டு ரிசீவர்கள் போய்விட்டார்கள்: அல் டூன், எடி பிரவுன். இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான், அதை மறுக்க மாட்டேன்.

இனி வேகம். 40 யார்டு ஓட்டத்தில் எதிரே ஆள் கிடையாது, உடம்பில் தோள் கவசம் கிடையாது, பந்தும் கிடையாது. நேர்க்கோட்டில் ஓடிவிட்டு வரலாம். ஆட்டத்தில் அப்படி ஒரு ஓட்டம் எத்தனை முறை வரும்? ரைஸ் பந்தோடு திறந்த வெளிக்கு வந்துவிட்டால், பின்னாலிருந்து யாராவது எட்டிப் பிடித்ததாக எனக்கு நினைவே இல்லை.

கொத்தனார்மகன்

ஐயா, அவருடைய அப்பா கொத்தனார் என்பதை விட்டுவிட்டீர்களே. என் பெயரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு ரைஸ் பிடித்துப்போனதே அதனால்தான்.

கோடை விடுமுறைகளில் ரைஸும் அவர் அண்ணன் தம்பிகளும் அப்பாவோடு வேலைக்குப் போவார்கள். கீழே இருப்பவர் செங்கல்லைத் தூக்கிப் போட, ரைஸ் மேலே சாரத்தில் நின்று பிடிப்பார். கை அப்படித்தான் பழகியது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

செங்கல் பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நானும் பிடித்திருக்கிறேன். கீழே இருப்பவர் போடும் கல் மேலே வந்து, ஏறுவதை நிறுத்தி, இறங்கப் போகும் அந்த நொடியில் அதற்குக் கனமே இருக்காது. அந்த நொடியில் வாங்க வேண்டும். ஏறும்போதே எதிர்த்துக் கை கொடுத்தால் விரல் நசுங்கும், இறங்கும்போது பிடித்தால் தோள் இழுத்துக்கொள்ளும். வரும் போக்கிலேயே கையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வாங்கினால் சத்தமே கேட்காது. கண் கல்லைவிட்டு நகரக் கூடாது, கால் சாரத்தின் பலகையை மறக்கக் கூடாது. முதல் வாரம் உள்ளங்கை முழுக்கத் தோல் உரியும்.

ரைஸ் பந்து பிடிக்கும் பழைய வீடியோக்களை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பந்து கையில் "பட்" என்று மோதாது, உட்காரும். பந்தை வாங்குவதற்காக அவர் கால் ஒரு எட்டுகூடத் தயங்காது. அதே ஓட்டத்தில் வாங்கி அதே ஓட்டத்தில் போய்க்கொண்டே இருப்பார்.

மாஸ்84

அண்ணன்மார்கள் மன்னிக்கணும், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். நான் ராண்டி மாஸ் ரசிகன். மினசோட்டாவில் படித்த காலத்திலிருந்தே.

ரைஸின் மொத்தக் கணக்கு பெரியது, சரி. ஆனால் 20 பருவம், 303 ஆட்டம் ஆடினால் கணக்கு பெருகத்தானே செய்யும்? மாஸ் 218 ஆட்டத்திலேயே 156 டச் டவுன் பாஸ் பிடித்தார். புதுமுகமாக வந்த 1998இலேயே 17. 2007இல் 23 பிடித்து ரைஸின் ஒரு பருவச் சாதனையையும் முறியடித்தார்.

இன்னொன்று, வீசிக் கொடுத்தவர்கள் யார்? ரைஸுக்கு முதலில் ஜோ மான்டானா, பிறகு ஸ்டீவ் யங். இருவரும் ஹால் ஆஃப் ஃபேம். மாஸுக்கு நியூ இங்கிலாந்தில் டாம் பிரேடி வரும்வரை அப்படி நிலையாக யார் இருந்தார்கள்? கன்னிங்ஹாம் ஒரு வருடம், ஜெஃப் ஜார்ஜ் ஒரு வருடம், அப்புறம் கல்பெப்பர், பிறகு ஓக்லண்ட் என்று மாறிக்கொண்டே இருந்தது.

ஒரு ரிசீவர் களத்தில் நிற்பதாலேயே எதிரணி மொத்தமும் பத்து அடி பின்வாங்கியது என்றால் அது மாஸுக்குத்தான்.

பழையநைனர்

மாஸ்84 தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு? மாஸைப் போல உயரே எழுந்து பந்தைப் பறித்தவரை நானும் பார்த்ததில்லை. இயற்கையாக அமைந்த திறமை என்று மட்டும் கேட்டால் என் வாக்கும் அவருக்கே.

ஆனால் நீங்கள் சொன்ன கணக்கில் ஒரு விவரம் விட்டுப்போயிற்று. மாஸ் 23 பிடித்தது 16 ஆட்டங்களில். ரைஸ் 1987இல் 22 பிடித்தது 12 ஆட்டங்களில். அந்த வருடம் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் பருவமே சுருங்கிப்போனது. ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு. அந்த வேகத்தில் 16 ஆட்டம் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட மாட்டேன், நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

குவார்ட்டர்பேக் விஷயம் நியாயமான கேள்வி. 1986ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பருவம் தொடங்கியதுமே மான்டானாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. பாதிப் பருவம் அவர் இல்லை, ஜெஃப் கெம்ப் போன்ற மாற்று ஆட்கள்தான் வீசினார்கள். அந்த வருடம் ரைஸ் 1,570 யார்டு, 15 டச் டவுன். லீக்கிலேயே முதலிடம். அப்புறம் ஓக்லண்ட் அணிக்கு மாறி, 2002இல் அங்கே ரிச் கேனன் வீச, 40 வயதில் 92 பாஸ், 1,211 யார்டு. அந்த வயதில் 1,000 யார்டு தாண்டிய ரிசீவர் வேறு யாருமே கிடையாது.

தென்றல், உங்கள் கேள்வியின் மையத்துக்கு இப்போதுதான் வருகிறேன். வால்ஷின் ஆட்டமுறையில் நீளமான பாஸ் குறைவு. ஸ்லான்ட் என்று ஒரு ரூட் (ரிசீவர் ஓடும் பாதை) உண்டு. ரிசீவர் மூன்று எட்டு நேராகப் போய் சட்டென்று உள்பக்கமாகச் சாய்வார், பந்து ஏழெட்டு யார்டுக்குள் வந்து சேரும். பார்க்க எளிது. ஆனால் ரிசீவரைத் தடுக்க எதிரே நிற்கும் கார்னர்பேக்குக்கு அது தெரிந்துவிட்டால் பந்தைக் குறுக்கே புகுந்து எடுத்துவிடுவார். ரைஸின் வித்தை இங்கேதான். ஸ்லான்ட் ஓடினாலும், நேரே 40 யார்டு ஓடினாலும், நின்று திரும்பும் ரூட் ஓடினாலும் முதல் மூன்று எட்டு அச்சு மாறாமல் ஒன்றாக இருக்கும். அதே தோள் சாய்வு, அதே கை வீச்சு, அதே வேகம். கார்னர்பேக் எதை வைத்து ஊகிப்பார்? ஊகிக்க முடியாமல் அரை நொடி காத்திருப்பார். அந்த அரை நொடி இவருக்குப் போதும். ஏழு யார்டில் வாங்கிய பந்தை எழுபது யார்டு கொண்டுபோனதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

ஸ்டாப்வாட்ச் இதை அளக்காது.

தென்றல்87

ஐயா, இப்போது புரிகிறது. ஆனால் இந்த அச்சு மாறாத எட்டு எடுத்த உடனே வந்துவிட்டதா? முதல் பருவத்தில் 49 பாஸ், 927 யார்டு, 3 டச் டவுன் மட்டும்தான் இருக்கிறது.

பழையநைனர்

வரவில்லை. அந்த முதல் பருவத்தில் பந்தை நிறையத் தவறவிட்டார். சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கிலேயே கூச்சல் போட்டார்கள். கல்லூரியில் எளிமையாக ஆடிப் பழகியவருக்கு வால்ஷின் தடிமனான ஆட்டப்புத்தகம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால், கை தன் வேலையை மறந்தது. டிசம்பரில் ராம்ஸ் அணிக்கு எதிரான திங்கட்கிழமை இரவு ஆட்டத்தில் 241 யார்டு எடுத்தார். அதோடு கூச்சல் நின்றது. அந்த டிசம்பரில் தொடங்கி 2004 செப்டம்பர் வரை, அவர் ஆடிய 274 ஆட்டங்களில் தொடர்ச்சியாக ஒரு பாஸாவது பிடித்திருக்கிறார். டச் டவுன் கணக்கைவிட எனக்கு இந்த எண்தான் பெரிதாகத் தெரிகிறது.

மலைநடை

இந்த இழையில் 'தி ஹில்' வராமல் போகக் கூடாது என்று காத்திருந்தேன்.

சான் கார்லோஸ் பக்கம் எட்ஜ்வுட் பார்க் என்று ஒரு மலைப் பூங்கா உண்டு. பருவம் முடிந்த மாதங்களில் ரைஸ் அங்கேதான் ஓடுவார். இரண்டரை மைல் மேட்டுப் பாதை. பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் ராஜர் கிரெய்க்கும் கூட ஓடியவர். ரைஸோடு பயிற்சி செய்துதான் பார்ப்போமே என்று வந்த இளம் வீரர்கள் பாதி மலையில் வாந்தி எடுத்துத் திரும்பிப் போன கதைகள் இங்கே பிரபலம். வாரத்தில் ஆறு நாள். காலையில் ஓட்டம், பிற்பகலில் எடை தூக்கல்.

நான் அந்தப் பாதையில் மாதம் இரண்டு முறையாவது நடக்கிறேன். தொடக்கத்தில் ஓக் மர நிழல், வளைந்து வளைந்து போகும், மூச்சு சீராகவே இருக்கும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். மேலே போகப் போக மரங்கள் விலகி வெயில் நேரே முதுகில் விழும். வசந்தத்தில் சரிவெல்லாம் மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் பூவைப் பார்க்கத் தலை நிமிராது, முழங்காலில் கை ஊன்றித்தான் நிற்பேன். நடந்து போனதற்கே இந்தக் கதி. இதை ஓட்டமாக, நிற்காமல், மறுநாளும் அதற்கு மறுநாளும் செய்திருக்கிறார்.

நான்காவது குவார்ட்டரில் எதிரணி கார்னர்பேக்குக்கு மூச்சு வாங்கும்போது ரைஸ் முதல் குவார்ட்டரில் ஓடியது போலவே ஓடினார் என்றால், காரணம் இந்த மலைதான்.

கொத்தனார்மகன்

இதோடு பயிற்சி மைதான வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் ஐந்து யார்டு பாஸ் பிடித்தால் மற்றவர்கள் பந்தைத் திருப்பிப் போட்டுவிட்டு வரிசையில் நிற்பார்கள். ரைஸ் ஒவ்வொரு முறையும் களத்தின் முனையிலுள்ள எண்ட் ஸோன் வரைக்கும் முழு ஓட்டம் ஓடிவிட்டுத்தான் திரும்புவார். எங்கள் அப்பா சாந்து பூசி முடித்த சுவரை ஒரு முறை கையால் தடவிப் பார்க்காமல் இறங்கமாட்டார். அந்த ஞாபகம் வந்தது.

பிசியோஅனு

நான் பிசியோதெரபிஸ்ட். ரைஸின் உழைப்பைப் பற்றி எல்லோரும் பேசுவதால், அந்த உழைப்பே அவரைக் காயப்படுத்திய ஒரு இடத்தையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1997 பருவத்தின் முதல் ஆட்டம், டாம்பா பேயில். ரைஸ் பந்தோடு ஓடும்போது எதிரணியின் வாரன் சாப் அவருடைய ஹெல்மெட் முகக்கம்பியைப் பிடித்து இழுத்தார். இடது முழங்காலில் ஏசிஎல் ஜவ்வு கிழிந்தது. அதுவரை 12 பருவங்களில் காயம் என்று ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர்.

டிசம்பர் 15 அன்று, அதாவது மூன்றரை மாதத்தில், திரும்ப ஆட வந்துவிட்டார். டென்வருக்கு எதிரான ஆட்டம், மான்டானாவின் 16ஆம் எண்ணை இனி யாரும் அணியாதபடி அதற்கு ஓய்வு கொடுத்த இரவு. டச் டவுன் பிடித்தார். பிடித்து விழுந்ததில் அதே காலில் முழங்கால் சில்லு விரிசல் விட்டது. பருவம் அதோடு முடிந்தது.

இன்று ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகட்டும் என்போம். தசை வலுவாக இருப்பதால் ஆளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும், ஓடவும் முடியும். ஆனால் உள்ளே புதிதாக வைத்த ஜவ்வும் எலும்பும் ஒன்றுசேர்வதற்கு அதற்கென்று ஒரு காலம் உண்டு. மலை ஏறினாலும் அது சீக்கிரம் வராது. என்னிடம் வரும் கல்லூரிப் பையன்கள் பலர் ரைஸைப் போலத் திரும்பி வரப்போகிறேன் என்கிறார்கள். அவர்களிடம் நான் அடுத்த பருவத்தைத்தான் காட்டுவேன். 1998இல், முழுதாக ஆறிய பிறகு, 36 வயதில் 82 பாஸ், 1,157 யார்டு. பின்பற்ற வேண்டியது அந்தத் திரும்பி வருதலைத்தான்.

மாஸ்84

அனு அக்கா சொன்னது அருமை. 98 கணக்கை நான் கவனித்ததே இல்லை.

ஒரு சங்கடமான கேள்வி, கேட்காமல் விட்டால் சரியாக இருக்காது. 2015இல் ரைஸே ஒரு வீடியோவில் கையுறையில் ஸ்டிக்கம் என்ற ஒட்டுப் பசையைத் தெளித்துக்கொண்டதாகச் சொன்னாரே? அது 1981லேயே தடை செய்யப்பட்டதாயிற்றே?

பழையநைனர்

சொன்னார். தடை இருந்ததும் உண்மை. பிறகு, அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான் என்று விளக்கம் கொடுத்தார். அவர் காலத்து ரிசீவர் கிரிஸ் கார்ட்டர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர் என்பதற்காக இதைப் பூசி மெழுக மாட்டேன். விதியை மீறியது தவறுதான். பசை பந்தைக் கையில் நிறுத்த உதவும், கார்னர்பேக்கைத் தாண்டி அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது என்பது என் கருத்து. ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

தென்றல்87

கடைசிப் பருவங்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். 2004இல் ஓக்லண்ட், சியாட்டில் என்று இரண்டு அணிப் பெயர் இருக்கிறதே.

கொத்தனார்மகன்

அது பார்க்கக் கஷ்டமான காலம் தென்றல். 2000 டிசம்பரில் நைனர்ஸுக்காகச் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். கூட்டம் இவருக்கு விடைகொடுக்க வந்திருந்தது. அன்று அதே அணியின் இளைய ரிசீவர் டெரல் ஓவன்ஸ் 20 பாஸ் பிடித்து அப்போதைய சாதனையை முறியடித்தார். யாரும் திட்டமிட்டதில்லை, ஆனால் அணி யார் கைக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. பிறகு ஓக்லண்டில் இரண்டு அருமையான பருவங்கள். 2002 நவம்பரில் மொத்தம் 200 டச் டவுன் தொட்ட முதல் வீரரானார். அந்தப் பருவத்து சூப்பர் பவுலில் ஓக்லண்ட் 48-21 என்று தோற்றது, ஆனாலும் ரைஸ் ஒரு டச் டவுன் எடுத்தார்.

2004இல் பந்து வருவது குறைந்தது, 274 ஆட்டத் தொடர் அறுந்தது, சியாட்டிலுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே பழைய ரிசீவர் ஸ்டீவ் லார்ஜென்டின் 80ஆம் எண்ணை ஓய்வு கொடுத்து வைத்திருந்தார்கள். லார்ஜென்டின் சம்மதத்தோடு அதை ரைஸ் அணிந்தார். எனக்கு அது உறுத்தியது. லார்ஜென்ட் அந்த ஊருக்கு எவ்வளவு பெரியவர்! வேறு எண் போட்டிருக்கலாம். 2005இல் டென்வர் முகாமுக்குப் போய், பின்வரிசையில்தான் இடம் என்று தெரிந்ததும் செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். 42 வயது.

2006இல் நைனர்ஸ் வீரராகவே விடைபெறட்டும் என்று ஒரு நாள் ஒப்பந்தம் எழுதினார்கள். தொகை 19,85,806 டாலர் 49 சென்ட். பணம் கைமாறவில்லை, அது ஒரு மரியாதை. எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: சேர்ந்த ஆண்டு 1985, சட்டை எண் 80, விடைபெற்ற ஆண்டு 06, அணியின் பெயர் 49.

மலைநடை

அந்த எண்ணை இப்போதுதான் பிரித்துப் படித்தேன். நன்றி கொத்தனார்மகன்.

மாஸ்84

மாஸ்தான் என் ஆள், அதில் மாற்றமில்லை. ஆனால் 12 ஆட்டத்தில் 22 என்பதை இனிமேல் யாரிடம் வாதாடினாலும் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழையநைனர்

தென்றல், ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் 1989 ஜனவரியில் மயாமியில் நடந்த 23ஆவது சூப்பர் பவுலைப் பாருங்கள். எதிரணி சின்சினாட்டி. ரைஸ் 11 பாஸ், 215 யார்டு, ஆட்ட நாயகன். கடைசி மூன்று நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்.

தென்றல்87

நேற்று இரவு பார்த்தேன் ஐயா. முழு ஆட்டமும். கடைசி மூன்று நிமிடத்தை நான்கு முறை.

16-13 என்று பின்தங்கியிருக்கிறார்கள், பந்து சொந்த 8 யார்டு கோட்டில், போக வேண்டியது 92 யார்டு. அதில் மூன்று பாஸ் ரைஸுக்கு, 51 யார்டு. ஒரு தண்டனையால் பின்னே தள்ளப்பட்டு 20 யார்டு தேவைப்பட்டபோது, நடுவில் ஓடிவந்து வாங்கி 27 யார்டு போனார். கொத்தனார்மகன் சொன்னது போலத்தான், பந்து வந்து உட்கார்ந்தது, கால் தயங்கவே இல்லை.

ஆனால் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது அதை அல்ல. 10 யார்டு மிச்சம். பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே ரைஸ் தன் இடத்திலிருந்து நகர்கிறார். சின்சினாட்டி ஆட்களின் கவனமும் அவரோடு நகர்கிறது. மான்டானா நடுவில் வீசுகிறார், ஜான் டெய்லர் பிடிக்கிறார், 20-16. மிச்சம் 34 வினாடி. முதல் மூன்று முறையும் நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது முறைதான் ரைஸை மட்டும் பார்த்தேன். பந்து தனக்கு வராது என்று தெரிந்தும் அவர் அந்த முதல் எட்டுகளைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.